கணக்குக் கேட்டவர்கள்

“எண் கற்பிக்கலாம், எழுத்து கற்பித்தால் தண்டனை!”

இப்படி ஒரு சட்டம் இருந்தது, தோழர்களே! கட்டுக்கதையில் அன்று, அமெரிக்க ஐக்கிய நாடுகளில், வடக்கு கரோலினா மாநிலத்தில். 1830ஆம் ஆண்டு கூடிய அம்மாநிலச் சட்டமன்றம், அடிமைகளுக்கு எழுதவோ படிக்கவோ கற்றுத் தருவதைக் குற்றமாக்கிற்று. கற்றுத் தருபவர் வெள்ளையரானால் 100 டாலருக்குக் குறையாத தண்டம் அல்லது சிறை. அடிமைத்தளை நீங்கிய கறுப்பரானால், தண்டமும் சிறையும் போதாவென்று கசையடியும் காத்திருந்தது. 20க்குக் குறையாமல், 39க்கு மிகாமல். அடிக்கும் கணக்கு வைத்திருந்த அந்தச் சட்டம், ஒன்றே ஒன்றுக்கு விலக்கு அளித்தது. எண்களைக் கற்பித்தால் குற்றமில்லை!

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களெனப் போற்றிய இனத்தில் பிறந்த நமக்கு இது வியப்பூட்டும். ஒரு கண்ணைக் குத்தியவன் மற்றொரு கண்ணை ஏன் விட்டுவைத்தான்? இரக்கமா? ஈகையா? தேவை என்றே கொள்ள வேண்டியிருக்கிறது. பறித்த பருத்தியை எண்ண ஆள் வேண்டும். அளவறிந்து மரம் அறுக்கும் தச்சன் வேண்டும். ஆண்டையின் பொருளை எண்ணிச் சொல்லும் அளவுக்கு அடிமைக்கு எண் தெரிந்தால் ஆண்டைக்கு ஆதாயம். அதே அடிமை எழுத்தும் கற்றால் ஏட்டைப் படிப்பான்; ஏட்டைப் படித்தால் கேள்வி கேட்பான்.

கணக்கு இருவகைப்படும். பிறர் பொருளை எண்ணிச் சொல்வது ஒன்று. தன் பங்கு எங்கே என்று கேட்பது மற்றொன்று. முதல் கணக்கை ஆதிக்கக்காரர்கள் தடுத்ததில்லை. இரண்டாம் கணக்கை மனமுவந்து தந்ததுமில்லை. அந்த இரண்டாம் கணக்கைத் தேடிச் சிற்றூர்களுக்குச் சென்ற ஓர் ஆசிரியரின் வரலாற்றைத்தான் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

1865இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டது. விலங்கு உடைந்தது, ஆனால் நிலம் கைமாறவில்லை. நிலமில்லாத உழவன் பழைய ஆண்டையின் நிலத்திலேயே வாரத்துக்கு உழுதான். விளைச்சலில் பாதி நில முதலாளிக்கு, பாதி உழவனுக்கு என்பது பேச்சு. விதை, உரம், மாவு, உப்பு, துணி எல்லாம் பண்ணைக் கடையில் கடனாக வரும். அறுவடை முடிந்ததும் கணக்கு முடிக்கும் நாள் வரும். பேரேடு முதலாளியின் மேசையில் இருக்கும். எடைக்கோல் முதலாளியின் கொட்டிலில் தொங்கும். “உன் பங்கு இவ்வளவு, பற்று இவ்வளவு, இன்னும் நீ தரவேண்டியது இவ்வளவு!” என்று ஒரு குரல் சொல்லும். உழவன் தலையாட்டிவிட்டு அடுத்த ஆண்டுக்கும் ஏர் பூட்டுவான். பண்ணைக் கணக்கு என்றால் என்னவென்று தஞ்சை மாவட்டத்து முதியவர்களைக் கேளுங்கள். நாம் விளக்கம் சொல்லத் தேவையிராது.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். உழவனின் பங்கு 200 டாலர் என்று வைத்துக்கொள்வோம். “இன்னும் 15 டாலர் பாக்கி” என்கிறான் முதலாளி. அப்படியானால் பற்று எழுதியது 215 டாலர். உழவனின் மனைவி நினைவில் வைத்து ஒவ்வொன்றாய்க் கூட்டிப் பார்க்கிறாள். வாங்கிய பண்டங்களின் விலை 172 டாலர்தான் வருகிறது. எஞ்சிய 43 டாலர் எங்கிருந்து வந்தது? யாரும் வாய்விட்டுச் சொல்லாத அந்த வட்டிக்கு ஒரு பெயர் சூட்டித் தேடினால் விடை கிடைக்கிறது: நூற்றுக்கு 25. தெரியாத ஒன்றுக்குப் பெயரிட்டு, தெரிந்தவற்றைக் கொண்டு அதை வெளியே இழுத்து நிறுத்தும் இந்தக் கலைக்குத்தான் பள்ளியில் இயற்கணிதம் என்று பெயர். பேரேட்டை வைத்திருந்தவன், உழவன் வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கலை வர விரும்புவானா?

விரும்பவில்லை, பள்ளியின் நாட்காட்டியே அதற்குச் சான்று. மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திச் சமவெளியில், பருத்தி வெடிக்கும் பருவத்தில் கறுப்பினக் குழந்தைகளின் பள்ளிகள் பூட்டப்பட்டன. வெள்ளைக் குழந்தை வகுப்பில் அமரும். கறுப்புக் குழந்தை கோணியை இழுத்துக்கொண்டு வரப்பில் நடக்கும். பள்ளி மணியைப் பருத்திச் செடி அடித்தது!

அப்படி ஆறு வயதில் பருத்தி பறிக்க இறங்கியவர்களில் ஒருவர் ஃபேனி லூ ஹேமர். 1917இல், வாரக்குடி ஒன்றின் 20 பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். சில ஆண்டுகளே பள்ளி சென்றவர். ஆயினும் எழுதப் படிக்கவும் எண்ணவும் தெரிந்திருந்ததால், பண்ணையில் ஆட்களின் நேரத்தையும் பறித்த பருத்தியின் அளவையும் குறிக்கும் பணி அவருக்குக் கிடைத்தது. அங்கே அவர் ஓர் உண்மையைக் கண்டார். எடைக்கோலில் தொங்கவிட்ட குண்டு பொய்க்குண்டு. உழவனின் பருத்தியைக் குறைத்துக் காட்டியது. ஹேமர் என்ன செய்தார்? சரியான குண்டு ஒன்றைத் தாமே கொண்டு சென்றார். முதலாளி இல்லாத வேளையில் அதைத் தொங்கவிட்டு நிறுத்தார். அவன் வருவது தெரிந்ததும் பழைய குண்டை மாட்டினார். ஒரு பெண்ணின் கைக்குள் மறைந்திருந்த அந்த இரும்புக் குண்டுதான் அந்தப் பண்ணையில் இருந்த ஒரே நீதி.

அதே ஹேமர் 1962 ஆகஸ்டு 31 அன்று வாக்காளராகப் பதிவுசெய்யச் சென்றார். 1890இல் எழுதப்பட்ட மிசிசிப்பி அரசியல் சட்டம் வழிமறித்தது. பதிவு செய்ய வந்தவர் அந்தச் சட்டத்தின் ஒரு பிரிவுக்கு விளக்கம் கூற வேண்டும். விளக்கம் சரியா தவறா என்று தீர்ப்பளிப்பவர் வெள்ளை அலுவலர். ஹேமர் தேறவில்லை என்றனர். அன்றே, 18 ஆண்டுகள் உழைத்த பண்ணையிலிருந்து அவர் வெளியேற்றப்பட்டார்.

இந்த மண்ணுக்குத்தான் வந்து சேர்ந்தார் ராபர்ட் மோசஸ்.

நியூயார்க்கின் ஹார்லம் பகுதியில் 1935இல் பிறந்தவர். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1957இல் மெய்யியலில் முதுகலைப் பட்டம் பெற்று, முனைவர் பட்டத்துக்குப் பயின்றுகொண்டிருந்தார். தாய் மறைந்தார்; தந்தை நோயுற்றார். படிப்பை நிறுத்திவிட்டு நியூயார்க்கு திரும்பி, ஒரு பள்ளியில் கணித ஆசிரியரானார். 1960இல் தெற்கு மாநில மாணவர்கள், தங்களுக்கு மறுக்கப்பட்ட உணவுக்கடை இருக்கைகளில் அஞ்சாது அமர்ந்த படங்களை நாளிதழில் கண்டார். அந்த முகங்கள் அவரை உறங்கவிடவில்லை. அவ்வாண்டே மிசிசிப்பிக்குச் சென்று பார்த்தார். 1961இல் வாக்காளர் பதிவுப் பணிக்காகத் திரும்பவும் அங்கே போய்த் தங்கினார்.

வரவேற்பு எப்படி இருந்தது? 1961 ஆகஸ்டில், பதிவு செய்ய வந்த உழவர்களோடு நடந்து சென்றவரைத் தெருவிலேயே அடித்து மண்டையை உடைத்தார்கள். குருதி வழிய அவர் நீதிமன்றக் கட்டடம் வரை நடந்தே சென்றார். அடித்தவன் மீது வழக்குத் தொடுத்தார். வெள்ளையர் மட்டுமே அமர்ந்த நடுவர் குழு அவனை விடுவித்தது. செப்டம்பர் 25 அன்று, மோசசுக்குத் துணைநின்ற ஹெர்பர்ட் லீ என்ற உழவர், பருத்தி அரைக்கும் ஆலையின் அருகே பட்டப்பகலில் சுட்டுக் கொல்லப்பட்டார். சுட்டவர் சட்டமன்ற உறுப்பினர். அவர்மீது குற்றமில்லை என்று முடிவாயிற்று. இவையெல்லாம் நடந்த ஊரின் பெயர் லிபர்ட்டி. தமிழில் சொன்னால், விடுதலை!

பின்னர் ஒரு வழக்கில் கூட்டாட்சி நீதிபதி ஒருவர் மோசசைக் கேட்டார், எழுத்தறியாதவர்களை ஏன் பதிவுக்கு அழைத்து வருகிறீர் என்று. மோசஸ் அளித்த விடையின் சாரம் இது: கல்வியை மறுத்ததும் நீங்கள், கல்வி இல்லையென்று வாக்குரிமையை மறுப்பதும் நீங்கள், இரண்டையும் ஒருசேரச் செய்ய இயலாது.

எண்ணிப் பாருங்கள், தோழர்களே! வழியை அடைத்தவன், வந்து சேரவில்லையே என்று குற்றம் சாட்டுகிறான். காலை முறித்தவன், நடக்கத் தெரியாதவன் என்று ஏளனம் செய்கிறான். இந்த வாதம் மிசிசிப்பியோடு முடிந்துவிட்டதா என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

1964 கோடையில், வடக்கிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் தொண்டர்கள் மிசிசிப்பிக்கு வந்தனர். 40க்கும் மேற்பட்ட விடுதலைப் பள்ளிகள் தேவாலயக் கூடங்களிலும் மரநிழலிலும் நடந்தன. படிப்பும் கணக்கும் வரலாறும் குடிமை உரிமையும் அங்கே ஒன்றாகக் கற்பிக்கப்பட்டன. அந்தக் கோடையின் தொடக்கத்திலேயே மூன்று இளைஞர்கள் கொல்லப்பட்டு மண் அணைக்குள் புதைக்கப்பட்டனர். ஆயினும் பள்ளிகள் நின்றுவிடவில்லை. 1965 ஆகஸ்டு 6 அன்று வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. அதற்குமுன் மிசிசிப்பியில் தகுதியுடைய கறுப்பின மக்களில் நூற்றுக்கு 7 பேர்கூட வாக்காளராக இல்லை. 1967இல் ஏறத்தாழ 60 பேர். குருதியால் எழுதிய விடை அது.

வாக்கு வந்தது; வாழ்வு வந்ததா? அந்தக் கேள்விக்குள் மற்றொரு கணக்கு மறைந்திருந்தது. 1944இலேயே மிசிசிப்பியின் கிளார்க்ஸ்டேல் அருகே ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரம் ஓடிற்று. ஒரு பொதி பருத்தியைக் கையால் பறிக்க 39.41 டாலர் செலவு; இயந்திரத்தால் பறிக்க 5.26 டாலர் என்று பண்ணைக்காரர் கணக்கு எழுதிவைத்தார். அந்த இரண்டு எண்களுக்கு இடையே பல இலட்சம் உழவர்களின் ஊரும் வீடும் நசுங்கிப்போயின. உழைப்பாளியின் உடல்வலிவைக் கேட்ட காலம் போய், கணித அறிவைக் கேட்கும் காலம் வந்தது. பருத்தி பறிக்க அழைத்து, பள்ளியைப் பூட்டி, கணக்கைத் தராமல் வைத்திருந்த மக்களை நோக்கி, “கணக்கு தெரியுமா?” என்று கேட்டது புதிய தொழிலுலகம். பழைய பதிவு அலுவலரின் கேள்வி, புதிய உடையில்!

மோசஸ் இதை உடனே கண்டுகொண்டார் என்று சொல்வதற்கில்லை. வியட்நாம் போர்க்காலத்தில் கட்டாயப் படைசேர்ப்பை ஏற்காமல் 1966இல் நாட்டைவிட்டு வெளியேறினார். பின்னர் ஆப்பிரிக்காவின் தான்சானியாவில், சாமே என்ற சிற்றூரில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தார். 1976இல் நாடு திரும்பி, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன் விட்டுவந்த முனைவர் படிப்பை ஹார்வர்டில் மீண்டும் தொடங்கினார். எடுத்துக்கொண்ட துறை கணித மெய்யியல்.

1982இல் அவருடைய மூத்த மகள் எட்டாம் வகுப்புக்கு வந்தாள். அவள் பள்ளியில் இயற்கணிதம் கற்பிக்கப்படவில்லை. அமெரிக்கப் பள்ளி முறையில் அது சிறிய குறையன்று. எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் தொடங்கியவர்க்கே உயர்கணித வகுப்புகள் எளிதில் எட்டும். உயர்கணிதம் எட்டியவர்க்கே பொறியியலும் அறிவியலும். வாயிற்கதவு அங்கே இருந்தது. கதவுக்கு வெளியே நின்றவர்கள் யார்? பெரும்பாலும் ஏழைகள், கறுப்பர்கள், சிற்றூரார். “இவர்களுக்குக் கணக்கு வராது” என்ற சொல் கதவுக்குப் பூட்டாக இருந்தது. தந்தையே வகுப்புக்குச் சென்று, மகளுக்கும் அவளுடன் சில மாணவர்களுக்கும் கற்பிக்கத் தொடங்கினார். அவ்வாண்டே கிடைத்த மெக்கார்தர் நல்கைத் தொகை அந்தப் பணிக்கு உதவிற்று. இயற்கணிதத் திட்டம் என்ற இயக்கம் இப்படித்தான் பிறந்தது.

முனைவர் ஆய்வு வீணாயிற்றா? இல்லை! அதிலிருந்துதான் கருவியே கிடைத்தது. ஹார்வர்டு மெய்யியலாளர் குவைனின் நூல்களில் மோசஸ் ஒரு கருத்தைக் கண்டிருந்தார்: கணிதத்தின் குறிமொழி வானத்திலிருந்து இறங்கியதன்று, மக்கள் பேசும் அன்றாட மொழியைச் செம்மைப்படுத்தி, ஒழுங்குபடுத்தி, சுருக்கிப் பெற்றது அது. அப்படியானால் பேசத் தெரிந்த எந்தக் குழந்தைக்கும் கணிதத்தின் வாயில் திறந்தே இருக்கிறது! பல்கலைக்கழகத்தின் உச்சியில் பேசப்பட்ட கருத்து, பள்ளிக்கூடப் பலகைக்கு இறங்கி வந்தது.

எப்படி? குழந்தைகளைப் பாஸ்டன் நகரச் சுரங்க ரயிலில் அழைத்துச் சென்றார். திரும்பி வந்ததும், பார்த்ததை வரையச் சொன்னார். பிறகு தம் சொந்தப் பேச்சில் சொல்லச் சொன்னார், எழுதச் சொன்னார். அந்தப் பேச்சிலிருந்து முக்கியமான கூறுகளைப் பிரித்தெடுத்து ஒழுங்கான மொழியில் அமைக்கச் சொன்னார். இறுதியில், அவர்களே குறியீடுகளை உண்டாக்கிக்கொண்டனர். நிகழ்ச்சி, படம், பேச்சு, ஒழுங்குபட்ட மொழி, குறி என ஐந்து படிகள். “எத்தனை?” என்ற ஒரே கேள்வியோடு வந்த குழந்தை, “எத்தனை நிலையம், எந்தப் பக்கம்?” என்று இரண்டு கேள்வி கேட்கக் கற்றது. மூன்றிலிருந்து ஐந்தைக் கழிக்க முடியாது என்று சொல்லி வந்த குழந்தைக்கு, கிளம்பிய நிலையத்தைத் தாண்டி மறுபக்கம் இரண்டு நிலையம் போவதில் என்ன தடை? எதிர் எண் அச்சம் தரும் பேயாக இல்லாமல், எதிர்த்திசையாகத் தெரிந்தது.

1990களில் மோசஸ் மிசிசிப்பிக்கே திரும்பினார். வாக்குக்காக அடிபட்ட மண்ணில், சாக்பீசோடு நின்றார். மாநிலத் தலைநகர் ஜாக்சனில் லேனியர் உயர்நிலைப் பள்ளியில் ஆண்டுக்கணக்கில் தாமே வகுப்பெடுத்தார். பருத்திச் சமவெளியின் ஊர்களிலும் இயக்கம் வேர்கொண்டது. 1961இல் வாக்கு எப்படியோ, இன்று கணித அறிவு அப்படி என்பது அவருடைய கொள்கை. மற்றொன்றையும் அவர் வற்புறுத்தினார்: கல்வியைத் தரவேண்டும் என்று தலைவர்கள் மட்டும் கேட்டால் போதாது, பெறவேண்டிய பிள்ளைகளே எழுந்து கேட்கவேண்டும். 1996இல் அவருடைய மாணவர்களே தமக்கு இளையோர்க்குக் கணிதம் கற்பிக்கும் அமைப்பொன்றை உருவாக்கினர். 2021 ஜூலை 25 அன்று தம் 86ஆம் வயதில் மோசஸ் மறைந்தார்.

இது கறுப்பு வெள்ளைச் சிக்கல் மட்டும்தானா? அப்பலேச்சிய மலைநாடு விடை சொல்கிறது. நிலக்கரிச் சுரங்கங்களும் சிறு பண்ணைகளும் நிறைந்த அப்பகுதியில் வாழும் ஏழைகள் பெரும்பாலும் வெள்ளையர். அங்கும் சிற்றூர்ப் பள்ளிகளுக்குத் தேர்ந்த கணித ஆசிரியர் கிடைப்பது அரிதாயிற்று. 2001இல் தேசிய அறிவியல் நல்கை நிறுவனத்தின் உதவியோடு கென்டக்கி, டென்னசி, ஒகையோ, மேற்கு வர்ஜீனியா மாநிலப் பல்கலைக்கழகங்கள் ஒன்றுசேர்ந்து, சிற்றூர்ச் சூழலை மையமாகக் கொண்ட கணிதக் கல்வியில் முனைவர் படிப்பையே நடத்தின. கணிதத்தோடு கிராமச் சமூகத்தையும் ஆய்வாளர்கள் படித்தனர். கணக்கு என்பது ஊரைவிட்டு ஓடிப்போவதற்கான சீட்டா, ஊரை உயர்த்துவதற்கான கருவியா என்பது அத்தகைய ஆய்வின் நடுவில் நிற்கும் கேள்வி. பட்டங்களிலே உயர்ந்த பட்டம், பட்டிக்காட்டுப் பிள்ளையின் பலகையை ஆய்வுப்பொருளாக ஏற்றது. நிறம் வேறு; தட்டுப்பாடு ஒன்று.

இந்த வரலாற்றை நாம் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. அதை மறைத்தால் இக்கட்டுரை பொய்க்குண்டு தொங்கவிட்ட எடைக்கோலாகிவிடும்.

நாம் கலைப்பட்டம் பெற்று ஆசிரியரானவர்கள். ஒரு சிற்றூர்ப் பள்ளியில், ஆளில்லாத குறைக்குக் கணக்கு வகுப்பையும் எடுத்து வருகிறோம். தசமப் பெருக்கலில் விடைத்தாளை வெறுமையாக வைத்திருந்த ஒரு மாணவனைப் பார்த்து, ஒருநாள், “உனக்குக் கணக்கு வராதப்பா!” என்று சொல்லிவிட்டோம். அவன் எதிர்த்துப் பேசவில்லை. அந்த மாதமே ஒரு மாலை, பால் ஊற்றும் இடத்தில் அவனைத் தாயோடு கண்டோம். காலையில் 3 லிட்டர் 250 மில்லி, மாலையில் இரண்டரை லிட்டர், பத்து நாள், லிட்டர் 36 ரூபாய். “2070 ரூபாய் வரணும்மா!” என்றான், தாளுமில்லை, கோலுமில்லை. அட்டையைப் பார்த்தோம், சரியாக இருந்தது. நம் வகுப்பில் வராத கணக்கு, பால் அட்டையில் எப்படி வந்தது? கணக்கு வராதவன் அவனா, கணக்கை அவனிடம் கொண்டுபோகத் தெரியாத நாமா?

“வராது” என்ற சொல் தலையெழுத்துக்கு நாம் சூட்டிய புதுப்பெயர். பிறப்பால் தாழ்ந்தவன் என்று சொன்னால் சினந்து எழும் நாமே, பிறப்பால் கணக்கு வராதவன் என்று சொல்லக் கூசவில்லையே! ஹேமரின் பண்ணையில் பொய்க்குண்டு முதலாளியின் கோலில் தொங்கிற்று. நம் வகுப்பில் அது நம் நாவில் தொங்கியது.

இப்போது அந்த மாணவன்தான் நம் வகுப்பில் தசமக் கணக்கைப் பால் அட்டை கொண்டு மற்றவர்களுக்குச் சொல்லித் தருகிறான். நாம் பின் இருக்கையில் அமர்ந்து கேட்கிறோம். சென்ற வாரம் அவன் ஒன்று கேட்டான்: “ஐயா, பாலுக்கு விலை போடுறது எப்படின்னு அட்டையில இல்லையே, அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?”

தோழர்களே, இயற்கணிதம் தொடங்கிவிட்டது. கணக்குக் கேட்கிறான். நீங்கள் பட்டம் பெற்றவரானால், வாரத்தில் ஒரு மாலையை உங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கணக்குக்குக் கொடுங்கள்.